இரட்டை முதுநிலைப் பட்டம்: யாருக்குப் பயன், யாருக்குச் சுமை?

கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவியவர்களுக்கு ஒரு பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் சீவிய மரத்தின் பால் மங்கில் நிறைந்ததும், நேரத்தோடு வாளியில் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதமானால் பால் உறைந்து கட்டிப்பாலாகிவிடும், விலையும் குறையும். அந்தப் பாலில் அம்மோனியா கலந்து, ஆலைக்கு அனுப்பி, சுமார் 30 விழுக்காடாக இருக்கும் ரப்பர்ச் சத்தை 60 விழுக்காடாக உயர்த்துகிறார்கள். பிறகு கையுறைத் தொழிற்சாலை, கொள்கலன், துறைமுகம், வெளிநாட்டு மருத்துவமனை என்று பயணம் நீள்கிறது. இந்த வரிசையைத்தான் பல்கலைக்கழகங்கள் ‘விநியோகச் சங்கிலி’ என்ற பெயரில் பாடமாக நடத்துகின்றன.

தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் கொள்முதல், கிடங்கு, ஏற்றுமதிப் பிரிவுகளில் வேலை செய்கிறார்கள். இளநிலைப் பட்டம் பெற்ற இவர்கள் முன் எழும் கேள்வி இதுதான்: அடுத்து எம்.பி.ஏ. படிப்பதா, விநியோகச் சங்கிலி மேலாண்மை படிப்பதா, அல்லது இரண்டையும் சேர்த்தே படிப்பதா?

இரண்டு பார்வை

ஒரு கையுறைத் தொழிற்சாலை ஒரு மாதத் தேவைக்குரிய ரப்பர்ப் பாலைக் கையிருப்பில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதன் மதிப்பு 10 லட்சம் ரிங்கிட். வங்கி வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு என்றால், அந்த மாதத்திற்கு 5,000 ரிங்கிட் வட்டி போகிறது. கணக்குப் பிரிவினருக்கு அது முடங்கிக் கிடக்கும் பணம். உற்பத்திப் பிரிவினருக்கோ அதுதான் பாதுகாப்பு. அடைமழையால் பால் வரத்து நின்றாலும் இயந்திரம் நிற்காது.

இருவர் சொல்வதும் சரியே. ஆனால் எவ்வளவு இருப்பு போதும் என்று முடிவெடுப்பவருக்கு இரண்டு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே ஒரு கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள் போக்குவரத்தை அடைத்தது. கையிருப்பைக் குறைத்து இலாபம் கண்ட நிறுவனங்களுக்கு அது ஒரு பாடம். பொருள் நகரும் வழியையும் பணம் நகரும் வழியையும் ஒருவரே புரிந்துகொள்ளச் செய்வதுதான் இரட்டைப் பட்டத்தின் நோக்கம்.

இது புதிய யோசனையும் அல்ல. ஜப்பானியத் தொழிற்சாலைகளின் போட்டியால் அமெரிக்கத் தொழில்துறை தடுமாறிய காலத்தில், எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1988இல் இத்தகைய ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நிர்வாகப் பட்டம் ஒன்று, பொறியியல் முதுநிலைப் பட்டம் ஒன்று என இரண்டையும் இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். அதில் ஆறு மாதம் தொழில் நிறுவனத்திலேயே ஆய்வுப் பணி. மலேசியாவிலும் அதே எம்.ஐ.டி.யின் ஒத்துழைப்போடு 2011இல் விநியோகச் சங்கிலிக்கென ஒரு கழகம் ஷா ஆலாமில் உருவானது. கெடாவிலேயே, மேலாண்மைக் கல்விக்காக 1984இல் அமைக்கப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

‘இரட்டை’ என்று விளம்பரப்படுத்தப்படுவன எல்லாம் ஒன்றல்ல. இரண்டு தனிச் சான்றிதழ்கள் கிடைப்பது ஒரு வகை. இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே சான்றிதழ் தருவது இன்னொரு வகை. எம்.பி.ஏ.வில் சில விநியோகச் சங்கிலிப் பாடங்களைச் சேர்த்திருப்பது மூன்றாவது வகை. அது ஒரே பட்டம்தான். எதில் சேர்கிறோம் என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்து, எத்தனை பாடங்கள் இரண்டு பட்டங்களுக்கும் பொதுவாகக் கணக்கிடப்படுகின்றன? ஒவ்வொரு பட்டத்துக்கும் 40 கிரெடிட் என்றால் தனித்தனியே படிக்க 80 கிரெடிட் ஆகும். அதில் 15 கிரெடிட் பொதுவானால் 65 போதும். அந்த மிச்சம்தான் இரட்டைப் பட்டத்தின் உண்மையான ஆதாயம். மிச்சமே இல்லையென்றால், ஒன்றை இப்போதும் மற்றொன்றைத் தேவைப்படும்போதும் படிப்பதே மேல். இரண்டு பட்டங்களும் மலேசியத் தகுதி முகவாண்மையின் (எம்.கியூ.ஏ.) பதிவேட்டில் உள்ளனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இளநிலைக் கல்விக்கான பி.டி.பி.டி.என். கடனே தீராத நிலையில் மேலும் கடன் வாங்குவது குடும்பத்தையே நெருக்கும். ஊழியர் சேமநிதியின் (இ.பி.எஃப்.) செஜாத்ரா கணக்கிலிருந்து உயர்கல்விக்குப் பணம் எடுக்க வழி உண்டு. ஆனால் அது முதுமைக்கான சேமிப்பு என்பதை மறக்கலாகாது. முதுநிலைக் கல்விக் கட்டணத்திற்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கும் உண்டு. வேலை செய்யும் நிறுவனம் கட்டணத்தில் பங்கேற்குமா என்று கேட்பதிலும் தவறில்லை.

அனுபவம் முதலில்

இளநிலைப் பட்டம் வாங்கிய கையோடு இதில் குதிப்பவருக்குப் பலன் குறைவு. கிடங்கில் சரக்குக் கணக்கு ஏன் தவறுகிறது, லாரி ஏன் வாசலில் காத்துக் கிடக்கிறது என்பதை மூன்று, நான்கு ஆண்டு நேரில் பார்த்தவருக்கே வகுப்பில் சொல்வது விளங்கும். தயங்குபவர்கள் எம்.ஐ.டி.யின் இணையவழி விநியோகச் சங்கிலிப் பாடங்களில் ஒன்றைப் படித்துப் பார்க்கலாம். இத்துறை தமக்கு ஏற்றதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

பட்டம் ஒன்றா, இரண்டா என்பதைவிட, எந்தச் சிக்கலைத் தீர்க்கப் படிக்கிறோம் என்பதே முக்கியம். பால் உறைவதற்குள் நிறுவைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தோட்டத்துப் பாட்டிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அந்தப் பாலுக்கு என்ன விலை, அதை யார் நிர்ணயிக்கிறார்கள் என்ற மறுபாதிதான் அவர்களுக்கு எட்டாமல் இருந்தது. இரண்டையும் அறியும் வாய்ப்பு இன்று பேரப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. கணக்குப் பார்த்துச் சேர்ந்தால், அந்த வாய்ப்பு கடனாக மாறாது.