'தோல்' என்றால் தாங்கிக்கொள்வது... ஆங்கிலம் மறந்துபோன ஒரு வினைச்சொல்!

“வேற வழியில்ல, தாங்கித்தான் ஆகணும்.” துக்க வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்த வாக்கியத்தின் கனம் முழுவதையும் சுமக்கிற ஒரு வினைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்று ஆங்கிலேயர்களிலேயே பலருக்குத் தெரியாத சொல் அது.

'தோல்'. டி, ஹெச், ஓ, எல், இ என்பது ஸ்பெல்லிங். 'அட, நம்ம தோள் மாதிரியே இருக்கே, அதுவும் சுமக்கிறதுதானே?' என்று தோன்றுகிறதா? அது தற்செயல்தான். இரண்டுக்கும் உறவு கிடையாது.

எங்கே போனது இந்தச் சொல்?

வலி, இழப்பு, கஷ்டம் எதுவானாலும் தாங்கிக்கொள்வதுதான் 'தோல்'. பழைய ஆங்கிலத்தில் இது 'தோலியன்'. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு பிரெஞ்சு வழியாக 'சஃபர்', 'என்ட்யூர்' போன்ற சொற்கள் உள்ளே வந்தன. 'தோல்' மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. ஆனால், ஸ்காட்லாந்திலும், வட இங்கிலாந்திலும், அயர்லாந்தின் வடக்கிலும் பேச்சுவழக்கில் பிழைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் ஒரு சுண்டெலியைப் பற்றி எழுதிய கவிதையில் இந்தச் சொல் வருகிறது. கலப்பை பட்டுக் கூடு சிதைந்துபோன அந்த எலி, குளிர்காலத்தை இனி எப்படித் தாங்கும் என்பதுதான் அங்கே கவலை.

இதன் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? நாம் அடிக்கடி சொல்லும் 'டாலரேட்', பொறுமையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'கெடுல்ட்', சம்ஸ்கிருதத்தின் 'துலா'. எல்லாமே 'தூக்கு, சும' என்ற ஒரே ஆதி வேரிலிருந்து வந்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். அந்தத் துலாதான் நம் ராசிக்கட்டத்தில் இருக்கும் துலாம்!

அத்தையின் சொல்

1995-ல் நோபல் பரிசு பெற்ற அயர்லாந்துக் கவிஞர் சீமஸ் ஹீனி, 3,000 வரிகளுக்கு மேல் நீளும் 'பேயோவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை மொழிபெயர்த்தார். 1999-ல் வெளியான அந்த நூலின் முன்னுரையில் இந்தச் சொல்லின் கதையைச் சொல்கிறார். காவியத்தின் சொற்பட்டியலில் 'தோலியன்' முதலில் அந்நியமாகத்தான் தெரிந்ததாம். பிறகுதான் பொறி தட்டியிருக்கிறது. ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது, கிராமத்தில் அவருடைய அத்தை சொன்ன அதே சொல்! அவர்கள் இனி 'தோல்' செய்யப் பழகத்தான் வேண்டும் என்றாராம் அத்தை. அத்தையின் மொழி வெறும் குடும்பச் சொத்து அல்ல, ஒரு வரலாற்றுப் பாரம்பரியம் என்பதை அது ஹீனிக்கு உணர்த்தியது.

எப்படிப் பயன்படுத்துவது?

'ஐ தோல்', 'ஷி தோல்ட்' என்று சாதாரண வினைச்சொல் போலவே வரும். டிக்‌ஷனரியில் இதே ஸ்பெல்லிங்கில் ஒரு பெயர்ச்சொல்லும் இருக்கும். அது படகில் துடுப்பைப் பிடித்து நிறுத்தும் முளை, வேறு சொல். குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆபீஸ் மெயிலில் 'தோல்' போட்டால் யாருக்கும் புரியாது. ஸ்கிராபிள் விளையாட்டில் தாராளமாகப் போடலாம், செல்லும்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதை எதிர்மறையிலும் சொல்வார்கள். 'ஐ கேனே தோல் ஹிம்' என்றால், 'அந்த ஆளை என்னால சகிச்சுக்கவே முடியாது' என்று அர்த்தம். அவர்களுடைய சட்டத்திலும் இந்தச் சொல் உண்டு. ஒரு குற்றத்துக்கான விசாரணையை ஒருவர் ஒருமுறை 'தோல்' செய்துவிட்டால், அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக் கூடாது என்பது அங்கே பழைய கொள்கை. அதாவது, தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

'பொறுத்துப்போ' என்ற ஒரே சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொடுத்துவிடுகிறோம். மரணத்துக்கும் அதுதான், அடிக்கிற கணவனுக்கும் அதுதான், அவமானப்படுத்தும் மேலதிகாரிக்கும் அதுதான். ஆனால், ஹீனியின் அத்தை பேசியது மரணத்தைப் பற்றி. யாராலும் மாற்ற முடியாத ஒன்று அது. மாற்றக்கூடியதற்குப் பொருத்தமானது அந்த ஸ்காட்லாந்து வாக்கியம்தான்.

அடுத்தமுறை யாரிடமாவது 'பொறுத்துக்கோ' என்று சொல்ல வாயெடுத்தால், ஒரு நொடி யோசியுங்கள். அவர் சுமப்பது இறக்கி வைக்க முடியாத சுமையா? அப்படியென்றால், கூட உட்காருங்கள். இறக்கி வைக்க முடிந்ததென்றால், ஒரு கை கொடுங்கள்.