ஆனையிறவிலே ஒரு நினைவுச் சின்னம்

பரந்தன் சந்தியிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், உமையாள்புரத்தைக் கடந்ததும், இருமருங்கும் கடனீரேரி விரிந்து கிடக்கும் ஒடுங்கிய நிலப்பாதையை அடைவர். அதுவே ஆனையிறவு. கண்டாவளைப் பகுதியில் வாழும் எமக்கு அது வட எல்லை; யாழ்ப்பாணத்தாருக்கோ குடாநாட்டின் தலைவாயில். வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகள் முற்காலத்தில் இவ்வழியாகவே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன.

வாயில் உள்ள இடத்திலே காவலும் இருத்தல் இயல்பு. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், ஆனையிறவிலும் இயக்கச்சியிலும் சிறு கோட்டைகளை வைத்துப் போவோரையும் வருவோரையும் கண்காணித்தனர். ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் ஆனையிறவுக் கோட்டை வாடிவீடாயிற்று. பீரங்கி காவல் செய்த இடத்திலே பிரயாணிகள் கடற்காற்று வாங்கி இளைப்பாறினர்.

அந்த அமைதி நிலைக்கவில்லை. 1991ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆனையிறவுப் படைமுகாமை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். வாரக்கணக்கில் நீடித்த அப்போரிலே இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆந் திகதி முகாம் புலிகள் வசமாயிற்று. 2009ஆம் ஆண்டு சனவரியில் அரசாங்கப் படையினர் அதனை மீண்டும் கைப்பற்றினர். இப்போர்களிலே பழைய கோட்டையும் அழிந்தது.

நீட்டிய கரங்கள்

கோட்டை மறைந்த நிலத்திலே போரின் முடிவுக்குப்பின் நினைவுச் சின்னம் எழுந்தது. உயர்ந்த பீடத்தின்மேல் பெருங்கரங்கள் வானை நோக்கி நீள்கின்றன. அவை இலங்கைத் தீவின் உருவத்தை ஏந்தி நிற்கின்றன. தீவின் வடபாலிலே தாமரை மலர்கின்றது. தீவு முழுவதும் ஒன்று என்பதும், போரில் வெந்த வடபகுதி இனி மலரும் என்பதும் சிற்பி சொல்ல விரும்பிய கருத்து எனலாம். கிளிநொச்சி நகரிலுள்ள சின்னமும் இவ்வகையினதே. பெரியதொரு கொங்கிரீட்டுப் பாளத்தை எறிகணை துளைத்து நிற்க, அதன் வெடிப்பிலிருந்து தாமரை பூக்கின்றது.

ஆனையிறவிலே வேறொரு சின்னமும் உண்டு. 1991ஆம் ஆண்டு யூலைப் போரிலே, இரும்புத் தகடு பொதிந்த புல்டோசர் ஒன்று புலிகளால் முகாமை நோக்கிச் செலுத்தப்பட்டது. ஹசலக காமினி என வழங்கப்படும் காமினி குலரத்ன என்னும் படைவீரர், கைக்குண்டுகளுடன் அதன்மேல் ஏறி, அதனைத் தடுத்துத் தம் உயிரையும் ஈந்தார். அந்த இயந்திரம் இன்றும் வீதியோரத்தில் வைக்கப்பட்டுள்ளது. தென்னிலங்கையிலிருந்து வருவோர் அதன் முன் நின்று தலைவணங்குகின்றனர். வீரத்தை வணங்குவதில் தவறென்ன?

ஆயினும், அதே போரிலே எதிர்ப்பக்கத்தில் மடிந்தவர்களும் இந்நாட்டுத் தாய்மாரின் பிள்ளைகளே. அவர்களுட் பலர் இவ்வன்னியிற் பிறந்தவர்கள். அவர்களை விதைத்த துயிலும் இல்லங்கள் போருக்குப்பின் இடிக்கப்பட்டன. கிளிநொச்சி கனகபுரத்திலே 2016ஆம் ஆண்டு முதல் மக்கள் மீண்டும் கூடிச் சுடரேற்றுகின்றனர். ஆயுதம் ஏந்தாது மாண்டோரும் எண்ணற்றோர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கண்டாவளையும் தருமபுரமும் ஊரோடு எழுந்து கிழக்கு நோக்கி நடந்தன. நடந்தவர் யாவரும் திரும்பி வரவில்லை. மலைநாட்டிலிருந்து வரும் தாய் ஒருத்தி ஆனையிறவிலே மலர் வைத்து அழலாம். எம்மூர்த் தாய் அதே இடத்தைப் பஸ்ஸிலே கடக்கும்போது கண்களை எங்கே திருப்புவாள்?

வென்றவர் நட்ட கல்

வெற்றிச் சின்னத்தின் பொருள், அதை நட்டவர் நினைத்தபடியே என்றும் நிற்பதில்லை. இதற்கு வன்னியே சான்று. 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆந் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிறிபேர்க் என்பவன் அவனைத் தோற்கடித்தான். ஆங்கிலேயர் அவ்விடத்திலே ஒரு கல்லை நட்டு, தம் தளபதியின் வெற்றியை அதிற் பொறித்தனர். ஆனால் அக்கல்லைத் தேடிச் சென்றோர் எவரை நினைந்து சென்றனர்? டிறிபேர்க்கை அன்று, பண்டாரவன்னியனையே. வென்றவன் பெயர் கல்லில் இருந்தது. தோற்றவன் பெயர் மக்கள் நெஞ்சில் இருந்தது.

இதனை இந்நாட்டு மன்னன் ஒருவன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தான். அநுராதபுரத்திலே எல்லாளனைப் போரில் வீழ்த்திய துட்டகைமுனு, வீழ்ந்த இடத்திலே அவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடு செய்வித்தான் என்றும், அவ்விடத்தைக் கடக்கும் அரசர் வாத்திய முழக்கத்தை நிறுத்தும் வழக்கம் நிலவியது என்றும் மகாவமிசம் கூறுகின்றது. பகைவனுக்கு எடுத்த அச்சின்னம் துட்டகைமுனுவின் புகழைக் குறைத்ததா? கூட்டியதன்றோ!

எமது முன்னோரும் நடுகல் நட்டவர்களே. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனக் கல்நாட்டு விழாவின் படிகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கல்லைத் தேடுவதும், நீராட்டுவதும், படையலிடுவதும் ஊரார் கூடிச் செய்த காரியங்கள். மாண்டவனுடைய பெயரையும் செயலையும் அக்கல்லிலே பொறித்தனர்.

பெயர்கள் நிறைந்த கடற்கரை

நம் காலத்திலும் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1945ஆம் ஆண்டிலே சப்பானியரும் அமெரிக்கரும் கடும்போர் புரிந்த ஒக்கினாவாத் தீவில், அப்போர் முடிந்த 50ஆம் ஆண்டாகிய 1995இல், கடலை நோக்கிய மேட்டுநிலத்திலே கருங்கற் சுவர்கள் நிரை நிரையாக நாட்டப்பட்டன. அவற்றிலே 2,40,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சப்பானியப் படைவீரர், அமெரிக்கப் படைவீரர், கொரியர், அனைவருக்கும் மேலாகத் தீவின் குடிமக்கள் என நாடும் பக்கமும் பாராது மாண்டோர் அனைவரும் அங்கே இடம்பெற்றுள்ளனர். விடுபட்ட பெயர் கண்டறியப்பட்டால் பின்னரும் சேர்க்கப்படுகின்றது. அங்கே வாளுமில்லை, வெற்றிக் கொடியுமில்லை. வருவோர் தம்மவர் பெயரைத் தேடிக் கண்டு, விரலால் தடவி அழுகின்றனர்.

ஆனையிறவின் கரங்கள் தீவு முழுவதையும் ஏந்துவனவாயின், அத்தீவில் மாண்ட அனைவரையும் ஏந்துதல் வேண்டும். இருக்கும் சின்னத்தை இடிக்க நாம் கேட்கவில்லை. இடித்தலின் துயரை நன்கு அறிந்தவர்கள் நாம். அதன் அருகிலே ஊர்வாரியாகப் பெயர் பொறித்த கற்களும் நிற்கட்டும். ஹசலகவின் பெயரும் கண்டாவளையின் பெயரும் ஒரே நிரையில் வரட்டும். அன்று இரு தாய்மாரும் ஒரே இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவர். அவ்வாறு ஒரு கல் நடப்படுமாயின், அதனை நீராட்ட இரணைமடுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவர எம்மூரார் பின்னிற்கமாட்டார்கள்.