வில்லங்கமில்லாத வீடு

பொன்மலை இரயில்வே குடியிருப்பிலும் திருவெறும்பூர் பெல் நகரியத்திலும் வாழ்கின்ற நம் குடும்பங்களுக்கு அந்த நாள் தவறாமல் வரும். மாலையிட்டு, மரியாதை செய்து, பணியிலிருந்து வழியனுப்புவார்கள். சில மாதங்களில் குடியிருந்த வீட்டின் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். பிள்ளைகள் தவழ்ந்த கூடமும், வாசலில் நட்டு வளர்த்த வேம்பும் அன்றோடு பிறருக்கு உரியவை ஆகிவிடும். "நமக்கென்று ஒரு கூரை வேண்டுமே" என்னும் கவலை அப்போதுதான் நெஞ்சை அழுத்தத் தொடங்கும்.

நகருக்குள் தனி வீட்டின் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 1994-இல் திருச்சி மாநகராட்சி உருவாயிற்று. அதன் எல்லை பின்னரும் விரிந்தது. ஆகவே அந்த எல்லைக்கும் அப்பால் உள்ள சிற்றூர்களை நோக்கி நம் மக்கள் செல்கிறார்கள். கொள்ளிடத்தைக் கடந்து வடகரையில் இறங்கினால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிணறும் திண்ணையும் கொண்ட தனி வீடு ஒன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. வாசலில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் 236 அடி உயர ஸ்ரீரங்கத்து இராஜகோபுரம் தெரிகிறது. "இதைவிட வேறென்ன வேண்டும் சாமி?" என்று மகிழ்ச்சியோடு கேட்கிறார்கள். வேறொன்று வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வீடு மந்திரிக்கச் சென்ற நாள்

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவர் அப்படிப்பட்ட சிற்றூரில் ஒரு வீடு வாங்கினார். சேமநல நிதியின் பெரும்பகுதி அதிலேயே சென்றுவிட்டது. வீடு மந்திரிக்க என்னை அழைத்திருந்தார். உறவினர் கூடியிருந்தனர். அடுப்பில் சமையல் கொதித்துக்கொண்டிருந்தது. நான் தோள்துண்டை அணிந்து தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்த வேளையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். யாரையும் ஏசவில்லை, கூச்சலிடவில்லை. "இது எங்கள் அப்பா கட்டிய வீடு சாமி. விற்றுவிட்டார்கள் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன்" என்றார்.

அவர் வீட்டை விற்ற இரு சகோதரர்களின் ஒரே தங்கை. வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர். வாங்கியவர் அதிர்ந்து போனார். "எல்லாம் பார்த்துத்தானே வாங்கினோம் சாமி! முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டோம். பட்டா அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது" என்று நடுங்கும் குரலில் கூறினார். அவர் சொன்னது பொய்யன்று. காகிதங்கள் அனைத்தையும் பார்த்தார். குடும்பத்தை மட்டும் பார்க்கவில்லை.

என் மனத்தைச் சுட்டது வேறொன்று. விற்றவர்களும் நம் மக்களே. நம் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தத் தந்தைக்கு மூன்று பிள்ளைகள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பத்திரத்திலோ இரண்டே பெயர்கள். வீடு வாங்கப்போகிறோம் என்று அந்தத் தொழிலாளர் முன்னமே என்னிடம் வந்து சொன்னார். ஜெபம் சொல்லி ஆசீர்வதித்து அனுப்பினேனேயன்றி, "யாருடைய வீடு?" என்று ஒரு வார்த்தை கேட்டேனில்லை.

அன்று வீட்டை மந்திரிக்கவில்லை. வாங்கியவரின் மனைவிதான் முதலில் அசைந்தார். அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து தண்ணீர் கொடுத்தார். சமைத்த உணவை எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்டோம். அதிகம் பேசவில்லை.

சகோதரியின் பங்கு

பின்னர்ச் சகோதரர் இருவரையும் அழைத்துப் பேசினேன். "பதினைந்து பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தோமே சாமி, அதோடு கணக்கு முடிந்தது" என்றார் மூத்தவர். நம் குடும்பங்கள் பலவற்றில் நிலவுகின்ற எண்ணம் இது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்குரியது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். மகனென்றும் மகளென்றும் அதில் வேறுபாடு இல்லை. மணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடும் இல்லை. தாயும் உயிலின்றி இறந்துவிட்டமையால், அந்த வீட்டில் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. ஆகவே இரு சகோதரர்கள் விற்கக்கூடியது மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. முழு விலை கொடுத்த தொழிலாளர் வாங்கியதும் அவ்வளவுதான்.

இது வழக்கறிஞர்களின் செய்தி மட்டுமன்று. செலொபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் நின்று, ஆண்பிள்ளை இல்லாத தங்கள் தந்தையின் சொத்தில் தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டதை எண்ணிக்கை நூல் சொல்கிறது. அவர்கள் கேட்பது நியாயமே என்று ஆண்டவரே தீர்ப்பளித்தார். ஒழுக்க இறையியலிலும் நாங்கள் குருமடத்தில் படித்த பாடம் ஒன்று உண்டு. பிறர் பொருளை அநியாயமாகக் கைக்கொண்டவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. அதை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தங்கையின் பங்குக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்பதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

ஒரே நாளில் முடியவில்லை. நான்கு முறை கூடிப் பேசினோம். ஒருமுறை தங்கை சொன்னார்: "பணத்துக்காக மட்டும் நான் வரவில்லை சாமி. வீட்டை விற்கப்போகிறோம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." மூத்தவர் தலைகுனிந்தார். முடிவில் விற்ற தொகையில் அவருக்குரிய பங்கை இரு தவணைகளில் கொடுத்தார்கள். அவரும் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகே வீட்டை மந்திரித்தேன். தங்கையும் வந்திருந்தார்.

சான்று காட்டாத வில்லங்கங்கள்

வில்லங்கச் சான்று மிகவும் தேவையானதே. இன்று அதை இணையத்திலேயே பார்த்துவிடலாம். ஆயினும் அது காட்டுவது பதிவான பத்திரங்களை மட்டுமே. இறந்தவரின் வாரிசுகள் எத்தனை பேர் என்று அது சொல்லாது. பதிவு செய்யப்படாத உயில், பத்திரத்தை ஈடாக வைத்துப் பெற்ற கைமாற்றுக் கடன், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்மொழிக் குத்தகை முதலியவை அதில் தெரியாமற் போகலாம். பட்டாவும் வருவாய்த் துறையின் பதிவேயன்றி, அதுமட்டுமே உரிமைக்கு முழுச் சான்று ஆகாது.

ஆகவே மூலப்பத்திரங்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து படிக்க வேண்டும். சொத்தின் உரிமையாளர் இறந்திருந்தால் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள அனைவரும் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அந்தச் சான்றிலேயே யாரேனும் விடுபட்டிருக்கிறார்களா என்று ஊரில் விசாரியுங்கள். நம் மக்களாயின் பங்குக் குருவானவரையும் கேளுங்கள். வயது வராத பிள்ளைக்குப் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி பற்றி வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீடு வாங்கிவிட்டதாக எண்ணாதீர்கள். அத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகக் கூறிவிட்டது. வீடு புதிய மனைப்பிரிவில் இருந்தால் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலைப் பாருங்கள். ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-இல்தான் வந்தன.

நம் பகுதிக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் வீடுகள் பல நிற்கும் அடிமனை கோயிலுக்கு உரியது என்று ஒரு சாராரும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமக்கே உரியது என்று மறு சாராரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். காவிரிக் கரையிலுள்ள திருச்செந்துறையில் 2022 செப்டம்பரில் ஒருவர் தம் நிலத்தை விற்கச் சென்றபோது, அது வக்ஃப் வாரியத்துக்கு உரியது என்று கடிதம் வந்திருப்பதாகவும், வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றும் பதிவு அலுவலகத்தில் கூறினர். ஊரே கலங்கிற்று. அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தைக்குப் பின்னரே முன்போல் பதிவு நடக்க வழி பிறந்தது. யார் உரிமை சரி என்று தீர்ப்பிடுவது நம் வேலையன்று. எந்தச் சமயத்தார் மீதும் பழி சொல்லவும் வேண்டா. நம் கோயில் நிலங்களிலும் இத்தகைய வழக்குகள் உண்டு. வாங்கும் முன் கேட்டறிய வேண்டும் என்பதே இதில் நமக்குரிய பாடம்.

விலையும் மனச்சாட்சியும்

தமிழகத்தில் கிரயப் பத்திரத்துக்கு 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகின்றன. பெண்கள் பெயரில் 10 இலட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. அப்படியும் இந்தச் செலவுக்கு அஞ்சி, பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாக முடிப்பவர் உண்டு. "ஊரில் எல்லாரும் செய்வதுதானே சாமி" என்பார்கள். சாட்சிகள் முன் கையொப்பமிட்டுச் சொல்லும் பொய், எல்லாரும் சொல்வதால் மெய்யாகிவிடாது. தவிர, அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்துள்ளது. பின்னாளில் தகராறு வந்தால், காகிதத்தில் இல்லாத பணத்துக்கு யார் சாட்சி சொல்வார்?

சாராவை அடக்கம் செய்ய ஆபிரகாம் நிலம் வாங்கிய வரலாற்றை நினைத்துப் பாருங்கள். எப்ரோன் இலவசமாகவே தருவதாகச் சொன்னான். ஆபிரகாம் இசையவில்லை. நகர வாயிலில் ஊரார் அனைவரும் கேட்க, நானூறு செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். வயலும், குகையும், எல்லைக்குள் நின்ற மரங்களும் ஒன்றுவிடாமல் சொல்லப்பட்டு அவருடையவை ஆயின. அந்நிய ஊரில் குடியேறியவர் அவர். முழு விலையும் வெளிப்படையான பேச்சும் தமக்கு அரண் என்பதை அறிந்திருந்தார். எல்லையூரில் புதிதாகக் குடியேறும் நமக்கும் அவையே அரண்.

ஆற்றையும் விசாரியுங்கள்

இன்னொன்றையும் மறவாதீர்கள். கோடைக் காலத்தில் கொள்ளிடத்தைப் பார்ப்பவர்க்கு அது வெறும் மணற்பரப்பு. 2018 ஆகஸ்டு மாதத்தில் அதே ஆற்று வெள்ளத்தில், 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் நாளன்று முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. தென்புறத்தில் கோரையாறும் குடமுருட்டியும் உண்டு. ஆகவே தரகரிடம் விலையைக் கேட்டபின், அவ்வூர் முதியவர் ஒருவரின் திண்ணையில் சற்றே அமர்ந்து, "1977-இல் தண்ணீர் எதுவரை வந்தது? 2005-இல் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார். எந்த அலுவலகமும் தராத சான்று அது. அண்டை வீட்டாரோடு நட்பும் அங்கேயே தொடங்கிவிடும்.

அன்புள்ள பெற்றோரே, வீடு வாங்குவது நல்ல ஆசையே. நாசரேத்தூர் சூசையப்பரும் தம் குடும்பத்துக்கு ஒரு கூரை தேடி அலைந்தவர்தாம். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன், விற்பவரிடம் ஒரு கேள்வியை மறவாமல் கேளுங்கள்: "உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கெல்லாம் இது தெரியுமா?" பூர்வீக வீட்டை விற்கப்போகிறவர்களாயின், அதே கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மறைக்காமல் விடை சொல்ல முடிந்தால் என்னை அழையுங்கள். தீர்த்தச் செம்போடு அன்றைக்கே வருகிறேன்.