மேளமும் பாங்கும்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் குவான் யின் கோயிலுக்கு வரும் சீனப் பாட்டிகள் பலர், கும்பிட்ட கையோடு பக்கத்து ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்கும் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே வாசலில் ஊதுபத்திக் கலயம் வைத்திருக்கிறார்கள். பத்தியை நெற்றிவரை உயர்த்தி, மூன்று முறை குனிந்து, சாம்பலில் செருகிவிட்டுக் கிளம்புகிறார்கள். அதே தெருவில் 1878-இல் எழுந்த யூதர் வழிபாட்டுத்தலமும் உண்டு. அங்கே இதற்கெல்லாம் சட்டம் தேவைப்படவில்லை.

தேவைப்பட்ட இடம் வேறு. 1964 ஜூலையில் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மூண்ட கலவரம் செப்டம்பரில் மறுபடி வெடித்தது. இரண்டிலும் சேர்த்து 36 பேர் மாண்டார்கள். அதோடு, சமய ஊர்வலங்கள் கால்நடையாகப் போகத் தடை வந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூன்றுக்கு மட்டும் விலக்கு.

விலக்கு கிடைத்தது, மேளம் கிடைக்கவில்லை. 1973-இலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் கூடாது என்றிருந்தது. உறுமி இல்லாமல் காவடி எடுப்பதா? 2015-இல் மேளத்தை வைத்துப் போலீசாரோடு தகராறாகி, கைதுவரை போனது. “சிங்க நடனத்துக்குக் கொட்டு அடிக்கலாம், எங்களுக்குக் கூடாதா?” என்று தமிழர்கள் கேட்டார்கள். மற்றச் சமயத்தாருக்கு இல்லாத ஊர்வலச் சலுகையே உங்களுக்கு இருக்கிறது என்றது அரசாங்கம். இரண்டும் நியாயம்தான், அதுதான் சங்கடம். மறு ஆண்டு வழியில் மூன்று இடங்களில் மேளம் ஒலித்தது.

முஸ்லிம்கள் முன்பே விட்டுக்கொடுத்திருந்தார்கள். அடுக்குமாடி வீடுகள் நெருங்கி எழுந்த காலத்தில், 1974 வாக்கில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் உள்பக்கம் திருப்பப்பட்டன. பாங்கு வானொலிக்குப் போனது. பெரிய ரகளை ஏதும் இல்லாமல் முடிந்ததாலோ என்னவோ, இன்று அதைப் பற்றிப் பேசுவார் குறைவு.

வீடு விஷயத்தில் புகைச்சல் இன்னும் இருக்கிறது. பெரும்பாலோர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில்தான். ஓரினத்தார் ஒரே இடத்தில் குவியாதிருக்க, 1989-இலிருந்து புளோக் வாரியாக இன ஒதுக்கீடு நடப்பில் உள்ளது. சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் இந்தியக் குடும்பம் வீட்டை விற்றால் சீனர் வாங்க முடியாது. வாங்க ஆள் குறைந்தால் விலையும் இறங்கும். கலந்து வாழ்வதை நான் ஆதரிக்கிறேன். அதற்கான நஷ்டத்தைச் சிறுபான்மையினர் தலையில் கட்டுவதை அல்ல. நெடுநாள் விற்க முடியாமல் திண்டாடுவோரின் வீட்டை, நிபந்தனைகளோடு, கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது.