இந்தப் பூவுக்கு 200 வயதுகூட ஆகலை... ஸ்காட்லாந்து மலையில் பிறந்த குரங்குப்பூவின் கதை!

'மலையில் புதிய பூ இனம் கண்டுபிடிப்பு' என்று ஒரு செய்தியைப் படித்தால், உங்கள் மனதில் என்ன காட்சி ஓடும்? மனிதர் கால் படாத அடர்காடு, காலங்காலமாக அங்கே ஒளிந்திருந்த ஒரு செடி, அதைத் தேடிப்போன ஒரு விஞ்ஞானி... பல கண்டுபிடிப்புகள் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால், 2011-ல் ஸ்காட்லாந்தில் கிடைத்த ஒரு மஞ்சள் பூவின் கதையே வேற. அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. 200 ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு இனமே உலகத்தில் கிடையாது!

ஒரு புது இனம் உருவாக லட்சக்கணக்கான வருஷம் ஆகும்னுதானே படிச்சிருக்கோம்? அப்புறம் இது எப்படி? வாங்க, பார்ப்போம்.

ஓடைக்கரையில் ஒரு மஞ்சள் பூ

ஸ்காட்லாந்தின் தெற்கே, மலைகளுக்கு நடுவே லெட்ஹில்ஸ் என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களுக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு ஓடைக்கரையில்தான், ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் மரியோ வல்லேஹோ-மரின் இந்தச் செடியைக் கண்டார். மஞ்சள் இதழ்கள், அவற்றில் சிவப்புப் புள்ளிகள். பார்க்கக் குரங்கு முகம் மாதிரி இருப்பதால் இந்த வகைப் பூக்களை ஆங்கிலத்தில் 'மங்கி ஃப்ளவர்' என்பார்கள். நாம் குரங்குப்பூ என்றே சொல்வோமே!

குரங்குப்பூ பிரிட்டனுக்குப் புதுசு இல்லை. ஓடையோரங்களில் பரவலாகவே பூக்கும். அப்புறம் இந்தச் செடியில் மட்டும் என்ன விசேஷம்? அதற்கு இதன் குடும்பக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா, அம்மா இரண்டு பேருமே வெளிநாடு

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தை அழகுபடுத்த வெளிநாட்டுச் செடிகளை வரவழைப்பது பிரிட்டனில் பெரிய மோகம். அப்படி வந்தவைதான் இரண்டு குரங்குப்பூ இனங்கள். ஒன்று, 1812 வாக்கில் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. இன்னொன்று, 1826 வாக்கில் தென் அமெரிக்காவின் சிலியிலிருந்து வந்தது. சொந்த மண்ணில் இவை இரண்டும் சந்திக்க வழியே இல்லை. பிரிட்டன் தோட்டங்களில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டன. தேனீக்கள் சும்மா இருக்குமா? ஒன்றின் மகரந்தம் இன்னொன்றில் சேர்ந்து, கலப்புச் செடி பிறந்தது. அது வேலி தாண்டி ஓடைகளுக்குப் போய்ப் பரவியது. நம்ம மலைக்காடுகளில் உண்ணிச்செடி நுழைந்ததும் இதே வழியில்தான். அழகுக்காகக் கொண்டுவந்த செடிதானே அதுவும்!

வாழை மாதிரி ஒரு வாரிசு

இந்தக் கலப்புச் செடிக்கு ஒரு குறை இருந்தது. பூக்கும், ஆனால், விதை வைக்காது. 

காரணம் குரோமோசோம் கணக்கு. வட அமெரிக்கச் செடியின் செல்லில் 28 குரோமோசோம்கள். சிலிச் செடியில் சுமார் 60. ஒவ்வொன்றும் பாதியைக் கொடுக்க, பிள்ளைக்கு 45 சொச்சம். மகரந்தமும் கருமுட்டையும் உருவாக வேண்டுமென்றால், குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். கோலாட்டத்தில் எதிரே ஆள் இல்லாதவர் கோலை யாரோடு தட்டுவார்? அதே நிலைமைதான் இங்கேயும். ஜோடி அமையாததால் விதை இல்லை.

நாம் சாப்பிடும் பெரும்பாலான வாழைப்பழங்களில் விதை இல்லாததற்கும் இப்படி ஜோடி சேராத குரோமோசோம்கள் ஒரு முக்கியக் காரணம். வாழை என்ன செய்கிறது? பக்கக்கன்று விட்டு வாழையடி வாழையாக வளர்கிறது. கலப்புக் குரங்குப்பூவும் அப்படித்தான். தண்டு ஒடிந்து ஓடைத் தண்ணீரில் மிதந்துபோய், கரை ஒதுங்கிய இடத்தில் வேர்விடும். ஆனால், அது தனி இனம் ஆகாது. அதே செடியின் நகல், அவ்வளவுதான்.

இரட்டிப்பானதும் மாறிய கதை

எங்கோ ஒரு செடியில், செல் பிரியும்போது ஒரு பிசகு நடந்தது. குரோமோசோம்கள் இரண்டாகப் பிரியாமல், மொத்தமாக இரட்டிப்பாகிவிட்டன. 45 சொச்சம், 90 சொச்சம் ஆனது. இப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது. கோலாட்டத்துக்கு ஜோடி கிடைத்தாச்சு! மகரந்தம் உயிர்பெற்றது, விதை பிடித்தது.

பெற்றோர் இனங்களோடு குரோமோசோம் கணக்கு ஒத்துப்போகாததால், அவற்றோடு சேர்ந்து இதனால் சந்ததி வளர்க்க முடியாது. ஆனால், தன் வகையோடு சேர்ந்து வளர்க்க முடியும். தனிக்குடித்தனம் போன மாதிரிதான். இப்படித் தனித்து நின்று பெருகினால், அது ஒரு புது இனம்.

'ஏதோ அபூர்வ விபத்து'ன்னு நினைச்சிடாதீங்க. உங்கள் வீட்டுச் சப்பாத்திக்கான கோதுமையும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதேபோல் கலப்பும் இரட்டிப்பும் நடந்து உருவானதுதான். அங்கே நாம் பார்ப்பது முடிந்துபோன கதையின் தடயம். குரங்குப்பூவில் அந்தக் கதை நம் கொள்ளுத்தாத்தா காலத்தை ஒட்டி நடந்திருக்கிறது.

எப்படி உறுதி செய்தார்கள்?

கண்ணால் பார்த்தால் கலப்புச் செடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால், மகரந்தம் நன்றாக இருக்கிறதா, விதை முளைக்கிறதா, குரோமோசோம் எத்தனை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எந்தப் புது இனமாக இருந்தாலும், மாதிரிச் செடியை உலர்த்தி ஆவணக் காப்பகத்தில் வைத்து, அடையாளங்களை விவரித்து, பெயர் சூட்டி ஆய்விதழில் வெளியிட வேண்டும். அந்த முறைப்படி 2012-ல் இதற்கு வைத்த பெயர், மிமுலஸ் பெரிக்ரினஸ். 'பெரிக்ரினஸ்' என்றால் லத்தீனில் அந்நியர், ஊர் ஊராகத் திரிபவர் என்று பொருள்.

பிறகு ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னி தீவிலும் இதே பூ கிடைத்தது. லெட்ஹில்ஸிலிருந்து விதை பறந்து போயிருக்குமோ? இல்லை. மரபணுக்களை ஒப்பிட்டபோது, அது அங்கேயே தனியாகப் பிறந்தது என்று தெரிந்தது. அதாவது, இந்த இனம் இரண்டு முறை பிறந்திருக்கிறது!

களையா, சொத்தா?

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி. பெற்றோர் இரண்டும் வெளிநாட்டுச் செடிகள். அந்தக் கணக்கில், பிடுங்கி எறிய வேண்டிய களை. ஆனால், இது பிறந்த இடம் ஸ்காட்லாந்து. திருப்பி அனுப்ப இதற்கு வேறு சொந்த ஊர் கிடையாது. அப்படியானால், இது அந்த மண்ணின் பூதானே?

இந்தக் கேள்வி சும்மா பேச்சுக்கு இல்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில், ரயில் நிலையத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் 1979-ல் ஒரு புதுப் பூச்செடி கிடைத்தது. 'யார்க் கிரவுண்ட்செல்' என்ற அதுவும் உள்ளூர்ச் செடியும் வெளிநாட்டுச் செடியும் கலந்து உருவான இனம்தான். தரிசு நிலத்தில் முளைத்த களை என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. 2003-ல் முறையாகப் பெயர் வைத்தபோது, இயற்கையில் அது ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. களைக்கொல்லியும் ஒரு காரணம் என்கிறார்கள். நல்லவேளையாக விதைகளைச் சேமித்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு 2023-ல் யார்க்கில் மறுபடி பூக்க வைத்தார்கள்.

அந்த விதைகளைச் சேமிக்காமல் விட்டிருந்தால்? பிறந்த சில பத்தாண்டுகளிலேயே ஓர் இனத்தின் கதை முடிந்திருக்கும்.

அடுத்த முறை மலைப்பக்கம் போகும்போது, ஓடையோரத்தில் பழகின பூ மாதிரியே இருந்தும் சற்று வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால், பறிக்காதீங்க. பூ, இலை, தண்டு மூன்றும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, விவரம் தெரிந்த தாவரவியல் பேராசிரியர் யாருக்காவது அனுப்புங்கள். பழகின பூவாகவே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால், லெட்ஹில்ஸில் அந்த ஓடையைக் கடந்துபோன எல்லோரும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்!