சர்க்கரை போன இடத்தில் உட்கார்ந்தது யார்?

பிளம் கேக் முன்பதிவு இந்த வாரத்தோடு முடிகிறது. அதனால்தான் கடிதங்களும் குவிகின்றன. ‘பேக்கரியில் சுகர் ஃப்ரீ கேக் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், அப்பாவுக்கு வாங்கலாமா?’ என்று ஒருவர். ‘சுகர் ஃப்ரீ கேக்தான் கொடுத்தோம், இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 240 காட்டுகிறது, மெஷின் கோளாறா?’ என்று இன்னொருவர். மெஷின் மேல் தப்பில்லை. அது உள்ளதைத்தான் சொல்கிறது. அட்டைப்பெட்டி சொல்வதுதான் வேறு கணக்கு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைப்படி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ளலாம். கறாரான விதிபோலத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ‘சர்க்கரை’ என்பது வேதியியல் புத்தகத்துச் சர்க்கரை: ஒற்றை மூலக்கூறாக நிற்கும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்றவையும், இரண்டு இரண்டாக இணைந்த சுக்ரோஸ், லாக்டோஸ், மால்டோஸ் போன்றவையும். மூன்று குளுக்கோஸ் கைகோத்து நின்றுவிட்டால் போதும், பட்டியலிலிருந்து விடுதலை! பெயர் ‘கார்போஹைட்ரேட்’ என்ற பெரிய கூடைக்குள் போய்விடும்.

இந்த ஓட்டை பானத்தைவிடக் கேக்கில்தான் அதிகம் உதவுகிறது. காரணம் எடை. மைதா 200 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 200, முட்டை நான்கு என்று ஒரு சாதாரணக் கேக்கை எடுத்துக்கொள்வோம். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு, சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. ஆகவே 200 கிராம் சர்க்கரையின் இனிப்புக்கு அதில் மூன்றில் ஒரு கிராம் போதும். இனிப்பு வந்துவிட்டது, சரி. காணாமல்போன 199 கிராமுக்கு என்ன செய்வது? கேக்கில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றை உள்ளே சேர்ப்பது, மேல்பகுதியைச் சிவக்க வைப்பது எல்லாம் அதன் வேலை. வெறுமனே எடுத்துவிட்டால் கேக் ரப்பர் வில்லையாகிவிடும். அந்தப் பள்ளத்தை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும்.

நிரப்புவதற்கு மலிவாகக் கிடைப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோள மாவையோ மரவள்ளி மாவையோ நொதியால் துண்டு துண்டாக நறுக்கிய வெள்ளைத் தூள். இனிப்பு இருக்காது. லேபிளில் ‘சர்க்கரை’ என்ற வரியிலும் ஏறக்குறைய தலைகாட்டாது. ஆனால் குடலுக்குள் போனதும் அந்தக் குட்டிச் சங்கிலி சட்டென்று அறுந்து குளுக்கோஸாக ரத்தத்தில் இறங்கும். சாதாரணச் சர்க்கரையின் கிளைசீமிக் குறியீடு (ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தின் அளவு) சுமார் 65. மால்டோடெக்ஸ்ட்ரினுக்கோ 85, சில வகைகளில் 100கூட. எதற்குப் பயந்து ஓடினோமோ, அதைவிட வேகமான ஒன்றிடம் மாட்டிக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன கேக்கில் மைதா தரும் மாவுச்சத்து சுமார் 150 கிராம், சர்க்கரை 200. மொத்தம் 350. சர்க்கரைக்குப் பதில் அதே எடை மால்டோடெக்ஸ்ட்ரின் போட்டால், ‘சர்க்கரை’ பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். மொத்தம் மட்டும் அதே 350க்குப் பக்கத்தில் நிற்கும். எல்லாரும் இதைச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. செய்தால் சட்டம் பெரிதாகக் கேள்வி கேட்காது என்கிறேன்.

கொஞ்சம் நாணயமான கம்பெனி மால்டிடால் போடும் (லேபிளில் 965). ஓரளவுதான் செரிக்கும். குறியீடு 35 அளவில்தான். மிச்சம் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகும். மால்டிடால் போன்ற பாலியால்கள் 10 சதவீதத்தைத் தாண்டினால் பேதியாகலாம் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு நாலாவது துண்டுக்குக் கை நீட்டுங்கள்.

ஆக, பார்க்க வேண்டியது ‘சர்க்கரை’ வரியை அல்ல, அதற்கு மேலே இருக்கும் ‘கார்போஹைட்ரேட்’ வரியை. 100 கிராமுக்கு 60 என்று இருந்தால், 50 கிராம் துண்டில் 30. சின்ன இட்லி மூன்று சாப்பிட்ட மாதிரி. கண்ணாடி அலமாரியில் ‘டயபெடிக் கேக்’ என்று கையால் எழுதிச் செருகிய அட்டைக்கு இந்த வரியும் கிடையாது. நம்பிக்கைதான் லேபிள். ஜெர்மனியில் நீரிழிவுக்காரர்களுக்கென்று தனி உணவு வகையே சட்டத்தில் இருந்தது. அதனால் பயனில்லை என்று 2010இல் விதியை எடுத்தார்கள். நாம் இப்போதுதான் அந்த அலமாரியைத் திறக்கிறோம்.

வீட்டில் சுடுகிறவர்களுக்கு வழி எளிது. மேலே சொன்ன கேக்கில் சர்க்கரையை 130 கிராமாகக் குறையுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மைதாவில் பாதியை எடுத்துவிட்டுப் பாதாம் தூள் சேருங்கள். மொத்தக் கார்போஹைட்ரேட் 350இலிருந்து 225 அளவுக்கு இறங்கும். 16 துண்டு போட்டால் ஒன்றுக்கு 14 கிராம். சுக்ரலோஸும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

‘நோ ஆடட் சுகர்’ பிளம் கேக்? உலர்திராட்சையில் பாதிக்கு மேல் சர்க்கரை. டூட்டி ஃப்ரூட்டி கிடந்தால் அந்த வாசகமே பொய். அது பாகில் ஊறிய பப்பாளிக்காய்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை? மணம் வேறு. பெரும்பங்கு அதே சுக்ரோஸ்.

கேழ்வரகு கேக்? நைஸாக அரைத்த மாவு வேகமாகச் செரிக்கும். மைதா எவ்வளவு என்று கேளுங்கள்.

அஸ்பார்டேம் போட்டுச் சுடலாமா? சூட்டில் இனிப்பு போய்விடும்.

சுக்ரலோஸ்? 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று 2019இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொன்னது. ஓவன் 170இல் ஓடுகிறது.

செயற்கை இனிப்பே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதே? 2023இல் சொன்னது உடல் எடையைக் குறைப்பதற்காகச் சாப்பிடுவதைப் பற்றி. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது.

சர்க்கரை இறங்கித் தலைசுற்றினால் சுகர் ஃப்ரீ பிஸ்கட் போதுமா? போதாது. குளுக்கோஸோ சாதாரணச் சர்க்கரையோ கொடுங்கள், உடனே.

தூத்துக்குடி மக்ரூனைச் சர்க்கரை இல்லாமல் செய்ய முடியுமா? முட்டை வெள்ளைக்கரு நுரையை நிறுத்தி வைப்பதே சர்க்கரைதான். ஒன்று சாப்பிடுங்கள், டப்பாவை மூடுங்கள்.