நிற்கத் தெரியாத வாகனம்

ஈரோட்டிலிருந்து ஓசூருக்கு உத்தியோக மாற்றலாகிப் போகும் வாசகர் ஒருவர், தமது புல்லட் மோட்டார் சைக்கிளை வீட்டுச் சாமான்களோடு ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்ல உத்தேசித்திருப்பதாகவும், அதைக் கேட்ட லோடுமேன்கள் "நாலு பக்கமும் கயித்தப் போட்டு இறுக்கிட்டா வண்டி எங்கீங்க போயிரப் போகுது?" என்று தைரியம் சொன்னதாகவும், ஆனால் தமது மைத்துனரோ வீல் சாக் என்னும் இரும்புச் சட்டத்தில் முன்சக்கரத்தை நிறுத்தாமல் வண்டியை ஏற்றவே கூடாது என்று பிடிவாதம் செய்வதாகவும், இவர்களில் யார் பேச்சைக் கேட்பது என்றும் எழுதிக் கேட்டிருக்கிறார். மைத்துனர் பேச்சைக் கேட்டுக்கொண்டால் வீட்டில் பொதுவாகவே சௌகரியம். இந்த விஷயத்தில் அது யந்திர சாஸ்திரத்துக்கும் பொருந்தியிருக்கிறது என்பதுதான் விசேஷம்.

வீல் சாக் என்பதும் ஒரு முட்டுக்கட்டைதான். நான்கு சக்கர வாகனத்துக்குக் கட்டை கொடுப்பது எதற்காக என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்த் தேரோட்டத்தின்போது, வடம் பிடிக்கிற கூட்டத்தையோ மேலே அசைந்துவரும் அலங்காரத்தையோ பார்ப்பதைவிட, சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்தபடியே ஓடிவந்து சமயம் பார்த்து முட்டுக்கட்டையைச் செருகுகிற ஆட்களைப் பார்ப்பதில்தான் சிறுவயதில் எனக்கு மோகம். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் அந்தப் பக்கமாக முகம் திருப்பும். இரு பக்கமும் கொடுத்தால் நின்றுவிடும். திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் அந்த முட்டுக்கட்டைகளுக்கு வேலை போய்விடவில்லை. ஆனால் எத்தனை சாமர்த்தியமாகப் பிரயோகித்தாலும் அந்தக் கட்டை செய்வது ஒரே காரியம்தான்: உருள்வதைத் தடுப்பது. நிமிர்ந்து நிற்கிற பொறுப்பைத் தேர் தானே பார்த்துக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளின் சங்கதி இதற்கு நேர்மாறானது. அது உருண்டு ஓடிவிடுமே என்கிற பயம் அற்பம். கியரில் போட்டால் அதுவும் தீர்ந்தது. சாய்ந்து விழுமே என்பதுதான் பெரும் பயம். எனவே அதற்கான கட்டை உருள்வதைத் தடுப்பதோடு நிமிர்த்தியும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் இருசக்கர வண்டி தரையைத் தொடுவது இரண்டே இடங்களில். இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் கிடைப்பது ஒரு கோடு. கோட்டின் மேல் எதுவும் தானாக நிற்பதில்லை. சைடு ஸ்டாண்டை இறக்கியதும் மூன்றாவது புள்ளி கிடைத்து ஒரு முக்கோணம் உருவாகிறது. ஆனால் அது வண்டியின் இடப்பக்கத்தில் மாத்திரமே விரிந்த ஒடுக்கமான முக்கோணம். வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. வீட்டு வாசலில் இது போதும், ஏனெனில் வாசல் வளைவில் திரும்புவதில்லை. சரக்கு வண்டியின் தளத்தில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திய மோட்டார் சைக்கிள், வண்டி இடப்பக்கம் வேகமாகத் திரும்பும்போது வலப்பக்கம் தள்ளப்பட்டு, சாய்ந்த நிலையிலிருந்து நிமிர்ந்து, நிமிர்ந்த நிலையையும் கடந்து, ஆதரவே இல்லாத அந்தத் திசையில் கவிழப் பார்க்கும். வலப்பக்கம் திரும்பும்போதோ முழு பாரமும் அந்த ஒற்றைக் காலின் மேல் விழுந்து, ஸ்டாண்டு வெல்டு செய்யப்பட்ட இடத்தைச் சோதிக்கும்.

கயிறு இருக்கிறதே என்று கேட்கலாம். கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தாங்கத் தெரியாது. அது விறைப்பாக இருக்கும் மட்டுமே அதற்கு ஏதேனும் அர்த்தம் உண்டு. மோட்டார் சைக்கிளிலோ முன்புறம் போர்க்குக்குள் ஸ்பிரிங், பின்புறம் ஷாக் அப்சார்பர் என்று, பள்ளம் மேடுகளில் அமுங்கி எழுவதற்கென்றே செய்த உறுப்புகள் இருக்கின்றன. வேகத்தடையில் சரக்கு வண்டி குதிக்கும்போது மோட்டார் சைக்கிள் அமுங்குகிறது. அமுங்கிய கணத்தில் கயிறு தொய்கிறது. தொய்ந்த கணத்தில் கொக்கி கழன்றுவிடலாம், கழலாவிட்டாலும் வண்டி மேலெழும்போது கயிறு வெடுக்கென்று சுண்டி முடிச்சைச் சிறிது சிறிதாக இளக்குகிறது. இதற்குப் பரிகாரமாக நம்மவர்கள் கைக்கொள்வது, இருவர் ஹேண்டில்பாரின் மேல் ஏறி அமர்ந்து, போர்க் முழுவதும் இறங்கி முட்டும்வரை அழுத்திக் கட்டிவிடுவது. அப்படிக் கட்டினால் ஸ்பிரிங்குக்கு அசைய இடமில்லாமல், சாலையின் ஒவ்வோர் அடியும் நேரே கொக்கிக்கும் ஹேண்டில்பாருக்கும் போய்ச் சேரும். ஆயில் சீல் கசிய ஆரம்பிப்பதும் இப்படித்தான் என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. கிளாசிக் 350 புல்லட்டின் முன் போர்க் அமுங்கக்கூடிய தூரம் 130 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் கயிற்றுக்குத் தானம் செய்யக்கூடாது என்பது என் அபிப்பிராயம். கயிறு ஒன்றே வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு பலாத்காரம் அவசியமாகிறது. சக்கரத்தைக் காலடியில் ஒன்று பிடித்துக்கொண்டால் கயிற்றின் வேலை பாதியாகக் குறையும்.

அந்த ஒன்றுதான் வீல் சாக். அதில் தினுசுகள் பல. தரையில் முடுக்கிவைக்கும் வெறும் இரும்பு வளையம் முதல், அகலத்தையும் உயரத்தையும் ஊசி மாற்றிச் செருகிச் சரிசெய்துகொள்ளும் கனத்த சட்டங்கள் வரை கிடைக்கின்றன. இவற்றில் என் மனத்தைப் பறித்துக்கொண்டது, ஆடும் தட்டு வைத்த தினுசு. மற்றவற்றை விட்டுவிட்டு அதைப் பற்றியே சொல்கிறேன்.

தரையில் கிடக்கும் சட்டம் ஒன்று. அதன் முன்பக்கம் டயரின் நெற்றியைத் தாங்க வளைந்து எழும் இரும்புக் குழாய். நடுவே, ஓர் அச்சுக் கம்பியில் முன்னும் பின்னும் ஆடும்படியாகப் பொருத்திய, இரு கைகளை உடைய வளைந்த தட்டு. சக்கரம் வருவதற்கு முன் தட்டின் பின்கை தரையோடு படிந்தும் முன்கை உயர்ந்தும் இருக்கும். வண்டியை மெதுவாகத் தள்ளி முன்சக்கரத்தைப் பின்கையின் மேல் ஏற்றினால், அது உருண்டு அச்சுக் கம்பியைத் தாண்டுகிறது. தாண்டிய அந்தக் கணத்தில் பாரம் முன்கையின்மேல் விழ, முன்கை தாழ்கிறது, பின்கை நிமிர்ந்து டயரின் பின்புறத்தைக் கவ்விக்கொள்கிறது. 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்பிரிங் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, முடுக்குவதற்கு ஆணி இல்லை. சக்கரம் வெளியே வர வேண்டுமானால், தன் பாரம் முழுவதையும் தூக்கிக்கொண்டு மறுபடி அந்த அச்சுக் கம்பியின் மேல் ஏறியாக வேண்டும். அந்தப் பாரமேதான் அதை ஏறவிடாமல் கீழே அழுத்துகிறது. வண்டி எத்தனைக்கெத்தனை கனமோ அத்தனைக்கத்தனை பூட்டு உறுதி. வெளியே எடுக்க வேண்டும்போது ஹேண்டில்பாரைப் பற்றிப் பின்னோக்கி ஒரு வலுவான இழுப்பு இழுத்தால், தட்டு மறுபடி சாய்ந்து வழிவிடுகிறது. எந்தப் பாரம் தொல்லையோ அதையே காவலாக நியமித்த இந்த யுக்தியை யோசித்தவர் யாரானாலும் நமஸ்காரத்துக்கு உரியவர்.

பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பது இன்னொரு கணக்கு. 195 கிலோ எடையுள்ள புல்லட்டின் பாரமெல்லாம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி 5 பாகை சாய்ந்தால் அந்தப் புள்ளி ஏறக்குறைய 4.8 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். சக்கரத்தைத் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் மாத்திரம் பிடித்திருக்கும் சட்டமானால், அந்தச் சாய்வை எதிர்க்க அது சுமார் 94 கிலோ பலத்தோடு தள்ள வேண்டும். சக்கரத்தின் அச்சுக்குச் சற்று மேலே 40 சென்டிமீட்டரில் பிடிக்கும் சட்டமானால் 23 கிலோ போதும். விலை மலிவு என்று வாங்கும் தாழ்ந்த சட்டங்கள் டயரின் அடியை மட்டும் அணைத்துக்கொண்டு பார்வைக்கு அழகாக இருந்தாலும், பாரம் வந்து தள்ளும்போது பரிதாபமாகப் பிளந்துகொள்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, வீல் சாக் ஒன்றே போதும் என்று எவரேனும் கயிற்றைத் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். முன்சக்கரம் அசையாமல் பூட்டப்பட்டிருந்தாலும், முன்சக்கரத்துக்கும் மற்ற வண்டிக்கும் நடுவே ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்து இருக்கிறதல்லவா? அது ஒரு கீல். அதுவும் செங்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்த கீல். முன்பக்கம் பிடிபட்டுவிட்டதால், சாலை குலுக்கும்போது வண்டியின் உடல் அந்தக் கீலைப் பற்றிக்கொண்டு திரும்பப் பார்க்கும். அதாவது பின்சக்கரம் தளத்தின்மேல் அங்குலம் அங்குலமாகப் பக்கவாட்டில் நடக்கும், நடக்க நடக்க வண்டி சாயும். ஆகையால் முன்புறம் இரண்டு பெல்ட், பின்புறம் இரண்டு பெல்ட் என்பது வீல் சாக் இருந்தாலும் தவிர்க்க முடியாதது. முன்புறத்துப் பெல்ட்டை ஹேண்டில்பார் நுனியில் மாட்டாமல், போர்க்குக் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த்தட்டில் மாட்டி, முன்னோக்கியும் வெளிநோக்கியும் சரிவாகத் தளத்தின் வளையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பின்புறத்துப் பெல்ட்டின் வேலை அமுக்குவதல்ல, பின்சக்கரம் நடக்காமல் பார்த்துக்கொள்வது. சைடு ஸ்டாண்டு மடக்கியே இருக்கட்டும். கார்புரேட்டர் வைத்த பழைய புல்லட்டானால் பெட்ரோல் குழாயை மூடிவிட வேண்டும் என்பதை எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், சொல்லிவைக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் போய்ப் பார்த்தால், பந்தய மோட்டார் சைக்கிள்களுக்குச் சைடு ஸ்டாண்டே இருப்பதில்லை. எடையைக் குறைக்கவும், வளைவில் தரையில் உரசாமலிருக்கவும் அதைக் கழற்றிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தாங்கியில்லாமல் நிறுத்தவே முடியாது என்பதால் அவர்களுக்கு ஒழுங்கு தானாகவே வந்துவிட்டது. நமக்கு ஸ்டாண்டு இருப்பதே சோம்பலுக்குச் சாதகமாகிவிட்டது. இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனப் பொட்டு வைத்து, குழந்தைகள் தொட்டால் கண்டிக்கிற வண்டியை, வீடு மாற்றும் அன்று மட்டும் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே செருகி, துணி உலர்த்துகிற நைலான் கயிற்றால் சுற்றி, 'பீரோதான் பக்கத்தில் இருக்கிறதே, சாயாது' என்று அனுப்பிவைக்கிற தைரியம் நம்மைத் தவிர வேறு யாருக்கு வரும்? போய்ச் சேர்ந்த ஊரில் டாங்கின் ஒடுக்கையும் பீரோவின் கீறலையும் பார்த்துவிட்டு டிரைவரைத் திட்டுவதும் நம் வழக்கம். டிரைவர் சாலையில் திரும்பினார் என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் பெரும்பாலும் எதுவும் இராது.

வாடகை வண்டியின் தளத்தில் துளை போட்டு வீல் சாக்கை முடுக்க அதன் சொந்தக்காரர் சம்மதிக்க மாட்டார் என்பதும் உண்மை. முடுக்காமல் சும்மா வைத்த சட்டமோ, வண்டியோடு சேர்ந்தே சறுக்கிவிடும். இதற்கு எளிய வழி, ஏழடி நீளமுள்ள கனத்த பலகை ஒன்றின் முன்முனையில் சட்டத்தை ஆணி போட்டு முடுக்கிவிட்டு, வண்டியின் பின்சக்கரமும் அதே பலகையின் மேல் நிற்கும்படி ஏற்றுவது. வண்டியின் பாரமே பலகையையும் சட்டத்தையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பெல்ட்டுகளை மட்டும் தளத்தின் வளையங்களில் மாட்டினால் போதும். புல்லட்டின் நீளம் ஏழடிக்குச் சற்றே அதிகம், குட்டி யானையின் தளமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், பலகையைச் சிறிது கோணமாகக் கிடத்தினாலொழியப் பின்கதவு மூடாது என்பதையும் முன்கூட்டியே லோடுமேன்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

பிரயாணம் முடிந்ததும் இந்தச் சட்டத்தைப் பரணில் போட வேண்டியதில்லை. ஒடுக்கமான கார் ஷெட்டில், சாய்ந்து நிற்கும் வண்டி அடைக்கிற இடத்தைவிட நிமிர்ந்து நிற்கும் வண்டி அடைக்கும் இடம் குறைவு. சித்திரை வெயிலில் தார் இளகி ஸ்டாண்டின் நுனி புதைவதும், அதற்கு ஓட்டுச் சில்லு தேடுவதும் இல்லை. புல்லட்டின் எண்ணெய் மட்டத்தைக் காட்டும் சிறு கண்ணாடி, வண்டி நேராக நின்றால்தான் மெய் சொல்லும். ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் குனிந்து பார்க்கிற சிரமம் இதனால் தீர்கிறது.

கடையில் வாங்க மனமில்லாதவர்கள் வெல்டிங் பட்டறையில் குழாயும் ஆங்கிளும் கொடுத்துச் செய்துகொள்ளலாம். அப்போது ரிம்மின் அளவை மட்டும் சொல்லிவிட்டு வராமல், காற்றடித்த டயரின் அகலத்தையும் மொத்த விட்டத்தையும் நாடா வைத்து அளந்து கொடுக்க வேண்டும். சட்டத்தின் கைகள் டிஸ்க் பிரேக்கின் தட்டையோ மட்கார்டையோ தொடுகின்றனவா என்று, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வண்டியைக் கொண்டுபோய் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவுகள் எதுவும் உதவா: பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரத்தில் 40 சென்டிமீட்டர் உயரத்தில் பிடிப்பதற்கு டயர் அகப்படாது, மட்கார்டுதான் இருக்கும். அவர்களுக்கு சென்டர் ஸ்டாண்டும் நான்கு பெல்ட்டும்தான் கதி.